கிட்டத்தட்ட அவர்

மார்ச் 4

நீலச் சட்டை போட்ட அம்மாவுக்கு,

கடிதம் என்றால் ‘அன்புள்ள’ என்று தொடங்க வேண்டும் என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சொல் இப்போது என் பேனாவுக்கு வரவில்லை. நான் படித்தது ஐந்தாவது. எழுத்தில் பிழை இருக்கும், கேள்வியில் இருக்காது.

நான் ஹோட்டல் சலவை அறையில் இஸ்திரி போடுகிறவள். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவர் சாம்பலை இந்தத் தோட்டத்தில் ஒரு கன்றுக்கு அடியில் வைத்தார்கள். இங்கே கல் கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும். தோட்டக்காரர்களே நட்டுவிட்டு, மரத்தின் எண்ணைப் போனுக்கு அனுப்புவார்கள். ஆப்பைத் திறந்தால் அம்புக்குறி கூட்டிக்கொண்டு போகும். மரத்தடியில் சின்னத் தகட்டில் அதே எண் இருக்கும். ஒரு மூச்சில் படிக்க முடியாத நீளம். எனக்குக் கடைசி இரண்டு இலக்கம் போதும். போனில் இருபத்து நான்கு, தகட்டிலும் இருபத்து நான்கு. அது என் வீட்டுக்காரர்.

அப்படியிருக்க, போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கன்றின் பக்கத்தில் மண்டியிட்டு, இலையில் முகத்தை வைத்துக்கொண்டு நீங்கள் அழுததைக் குழாயடியில் நின்று பார்த்தேன். அதற்கு முந்தின ஞாயிறும் பார்த்தேன். வழி தவறி வந்தவர் அப்படி அழ மாட்டார். அலுவலகக் கவுன்ட்டரில் போய்க் கேட்டேன். அங்கே இருந்த ஆள் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அந்தம்மாவுக்கும் இதே மரந்தாம்மா. ஒரே மரம்னா ஒரே குடும்பமாத்தானே இருக்கணும்? உங்களுக்குத் தெரியாதா?” என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒரு வாரமாக என் காதில் இருக்கிறது.

அவர் ஊர் முழுக்கச் சுற்றி வேலை செய்தவர். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடுவார். எந்தக் கட்டடம், எந்த மாடி என்று நான் கேட்டதில்லை. கடைக்குப் போனால் பையை என் கையில் விட மாட்டார். முன்னால் நடந்தபடி, திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டுவார். நான் பையை மாட்டிவிட வேண்டும். அப்படிப்பட்ட மனுஷன் இன்னொரு கையை வேறு எங்கோ நீட்டியிருந்தார் என்றால், எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் முடியைப் பிடித்துச் சண்டை போடுகிறவள் இல்லை. எதுவானாலும் நின்ற இடத்தில் நின்று கேட்டுக்கொள்வேன். நீங்கள் அவருக்கு யார்? பதிலைக் கேட் காவலரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி
(ஒரே மனைவி என்றுதான் இன்றுவரை நினைத்திருக்கிறேன்.)


மார்ச் 8

சந்தேகப்படும் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை டெப்போவில் உட்கார்ந்து படித்தேன். முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் பயந்தே போய்விட்டார். நான் சிரித்து அவர் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லலாமா, திட்டலாமா என்று யோசித்தேன். திட்டிவிடுகிறேன்.

நான் பேருந்து ஓட்டுகிறவள். நீலச் சட்டை என் சீருடை. உங்கள் வீட்டுக்காரர் கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாது. நாங்கள் இருப்பது தரையோடு ஒட்டிய வீடு. லிஃப்டுக்கு நான் எங்கே போவேன்? அந்த மரத்தில் இருப்பது என் பையன். பத்தொன்பது வயது. வீட்டில் அவனுக்கு வாலு என்று பெயர். ரத்தத்தில் வந்த நோய். பார்க்காத வைத்தியம் இல்லை. என் போனிலும் இருபத்து நான்குதான் இருக்கிறது.

உங்களை நானும் பார்த்திருக்கிறேன், அம்மா. மத்தியான இடைவேளையில் ஓடிவந்தால், யாரோ ஒருவர் என் பையன் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து முழங்கால் வலியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த அம்மாவுக்கும் என் பிள்ளைக்கும் என்ன பழக்கம் என்று நான் சீட்டு எழுதி அனுப்பினேனா? பாவம், மனசு சரியில்லாதவர் போல என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வந்ததும் வராததுமாக உங்கள் பையைப் பக்கத்துக் கன்றில் மாட்டுகிறீர்களே, அது என்ன துணி காயப்போடுகிற கொடியா? கிளை ஒரு பக்கமாக வளைந்தே போய்விட்டது. அந்தக் கன்றைத் தேடி யாரும் வருவதில்லை. அதற்காக அது அனாதையா? வாலுவுக்கு ஊற்றியது போக மிச்சத் தண்ணீரை நான்தான் அதற்கு ஊற்றுகிறேன்.

இந்த வாரம் எனக்கு விடுப்பு இல்லை. நீங்கள் அலுவலகத்துக்குப் போங்கள். சிரிக்கிறவனை விட்டுவிட்டு, உள்ளே கணினி பார்க்கிறவர்களைப் பிடியுங்கள். என் போன் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அதைச் சொன்னால் எங்கள் விவரம் வரும். ஆனால் ஒன்று. என் பையனை அந்த இடத்திலிருந்து நகர்த்தச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வாலுவின் அம்மா


மார்ச் 14

வாலுவின் அம்மாவுக்கு,

உங்கள் பையன் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறான். யாரும் நகர்த்த மாட்டார்கள். இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த வரியில், என் முதல் கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று வேலை முடிந்ததும் போனேன். கவுன்ட்டர் ஆள் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தான். “என்னம்மா, குடும்பப் பிரச்சினை தீர்ந்துச்சா?”

“உங்க வீட்டுப் பிரச்சினையை நீங்க பாருங்க தம்பி. என்னை உள்ள விடுங்க” என்று சொல்லிவிட்டு நானே கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். நம் இரண்டு பேர் கதையையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டாள். முதலில் ஆப்பில் பார்த்தாள், இரண்டும் இருபத்து நான்கு. பிறகு வேறொரு திரையைத் திறந்தாள். “இது டேட்டாபேஸ்மா. எல்லா மரத்தோட கணக்கும் இருக்கிற இடம்” என்றாள். உங்கள் பையன் அங்கேயும் இருபத்து நான்குதான். என் வீட்டுக்காரர் இருபத்து மூன்று.

அந்தப் பெண் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு ஐயையோ என்றாள்.

அவள் சொன்னதை நான் புரிந்துகொண்ட மாதிரி எழுதுகிறேன். மரத்தின் எண் பதினேழு இலக்கம். டேட்டாபேஸில் அதை முழுசாக வைக்கிற பெட்டி இருக்கிறது. ஆனால் ஆப்பில் எந்த எண் வந்தாலும், ஒன்றரை இரண்டரை என்று புள்ளி வைத்து எழுதுகிற எண்ணுக்கான ஒரே மாதிரிப் பெட்டியில்தான் போட்டு வைக்கிறார்களாம். அந்தப் பெட்டிக்குச் சின்ன எண் என்றால் சிக்கல் இல்லை. இவ்வளவு நீளமாகப் போனால் ஒற்றைப்படை எண் அதில் உட்காராது. பக்கத்து இரட்டைப்படைக்குத் தள்ளிவிடும். தள்ளியதை யாருக்கும் சொல்லாது.

நான், “லிஃப்டுல இருபத்து மூணை அழுத்தினா, இருபத்து நாலுல நின்னு கதவைத் திறக்குது. அப்படித்தானே?” என்றேன்.

“அதேதாம்மா. விளக்கும் இருபத்து நாலுன்னே எரியும். இறங்குறவங்க தன் வீடுன்னு நினைச்சுத்தான் மணி அடிப்பாங்க. இருபத்து அஞ்சுக்குப் போறவங்களும் இதே மாடியிலதான் இறங்குவாங்க.”

பழைய பகுதி மரங்களுக்கு எண் சின்னது, அதனால் இத்தனை நாள் தெரியவில்லை. புதுப் பகுதிக்கு வருஷம், பகுதி, வரிசை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணை நீட்டியிருக்கிறார்கள். சோதித்துப் பார்த்தது பழைய எண்களை வைத்துத்தானாம். சொல்லிவிட்டு, என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, “முழுசா தப்பும் இல்லம்மா. கிட்டத்தட்ட சரியான எண்தான்” என்றாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியவில்லை. “கிட்டத்தட்ட என் புருஷன்னு ஒருத்தர் இருக்க முடியுமா, பொண்ணே?”

கவுன்ட்டர் ஆள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். “நீங்க சொல்றது சரிம்மா. கூட்டப் போறதும் இல்ல, கழிக்கப் போறதும் இல்ல. இதை எண்ணா அனுப்பினதே தப்பு. இது பேரு. எழுத்தா அனுப்பியிருக்கணும். நாலு நாள்ல மாத்திடுறேன். ஒற்றைப்படைக்காரங்க எல்லாருக்கும் நானே போன் பண்ணிச் சொல்றேன்” என்றாள். நல்ல பெண். தண்ணீர் கொடுத்தாள்.

என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அவளைத் திட்டியிருக்க மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்த்திருப்பார். லிஃப்டுக்கும் தரைக்கும் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் சரிசெய்யாமல் வீட்டுக்கு வராதவர். “ஒரு மாடி உயரத்தைப் பார்த்தா எல்லாரும் பின்வாங்கிடுவாங்க. ஒரு விரல்லதான் தடுக்கி விழுவாங்க” என்பார்.

தங்கச்சி, எத்தனையோ மாதமாக உங்கள் பையனிடம் நான் என்னென்ன பேசியிருக்கிறேன் தெரியுமா? முழங்கால் வலி பரவாயில்லை. நாத்தனாரைப் பற்றிச் சொன்னேன். கல்யாணமான புதிதில் நடந்த ஒன்றையும் சொன்னேன். பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம்! நினைத்தால் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வெட்கத்தைக்கூட விழுங்கிவிடுவேன். பயத்தைத்தான் விழுங்க முடியவில்லை. இருபத்து நான்கைத் தவிர வேறு எந்தத் தகட்டையும் நான் படித்ததில்லை. இருபத்து மூன்றைத் தேடி யார் வந்திருப்பார்கள்? வரவேண்டிய ஒருத்தி நான், இருபத்து நான்கில் உட்கார்ந்திருந்தேன். இந்த வெயிலில் தண்ணீர் பார்க்காமல் அவர் காய்ந்து போயிருந்தால்? நான் வெளியே வந்தபோது கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பூட்டாவிட்டாலும் உள்ளே போயிருப்பேனா தெரியாது. எதையும் நின்ற இடத்தில் நின்று கேட்டுக்கொள்வேன் என்று எழுதினேன் அல்லவா? இதைக் கேட்க மட்டும் கால் வரவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி


மார்ச் 17

அன்புள்ள அக்கா,

முதல் வண்டி எடுக்கும் முன் தோட்டத்துக்குப் போய் வந்தேன். தகடுகளைத் துடைத்துப் பார்த்தேன். இருபத்து மூன்று உயிரோடு இருக்கிறது. துளிர் விட்டிருக்கிறது. எது என்று நான் காட்ட மாட்டேன். போய் உங்கள் கண்ணால் படியுங்கள். படித்துவிட்டு என்னை நினைத்துச் சிரியுங்கள். நான் இங்கே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டேதான் போனேன்.

வாலுவிடம் சொன்னதற்கெல்லாம் வெட்கப்படாதீர்கள். அவனுக்கு ஊர்க்கதை என்றால் உயிர். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் ஆட்கள் வீட்டு ரகசியம் அத்தனையும் அவனுக்கு அத்துப்படி. நான் போய் உட்கார்ந்தால் எனக்கு அழத்தான் வருகிறது, பேச வரவில்லை. நீங்களாவது பேசினீர்களே. நாத்தனார் கதையைப் பாதியில் விட்டிருந்தால் வந்து முடித்துவிடுங்கள். அவன் விட மாட்டான்.

உங்கள் தங்கச்சி,
வாலுவின் அம்மா


மார்ச் 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

போனேன். கண்ணாடிக்காரப் பெண் முந்தின நாளே கூப்பிட்டு, சரி செய்துவிட்டேன், இனி ஆப் சரியாகக் காட்டும் என்றாள். இருந்தாலும் போனைத் திறக்கவில்லை. பாதை தெரிந்த பாதைதானே. வரிசையோரமாக நடந்து வாலுவின் மரத்துக்கு வந்தேன். வந்ததும் பழக்கத்தில் கை தானாகப் போய்ப் பையைப் பக்கத்துக் கிளையில் மாட்டியது. அப்புறம் குனிந்து அதன் தகட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

இருபத்து மூன்று.

நிமிர்ந்து பார்த்தேன், தங்கச்சி. அந்தக் கன்று எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கிளையை மட்டும் பின்னால் நீட்டியபடி நிற்கிறது. அதில் என் பை தொங்குகிறது. திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுகிற ஆள் அவர் ஒருவர்தான். அதனால்தான் இத்தனை கன்றுகள் இருந்தும் இதில் மட்டும் மாட்டத் தோன்றியிருக்கிறது. நான் யாரோ ஒரு பிள்ளையிடம் குடும்பக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, இவர் வாயைத் திறக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். நான் பேசுவேன், அவர் தூக்குவார்.

நானும் சிரித்தேன். பிறகு அழுதேன். சிரித்ததற்கு அழுது கணக்கைச் சரிசெய்ய வேண்டுமே.

கிட்டத்தட்ட என்று சொன்னதற்கு அந்தப் பெண்ணிடம் அவ்வளவு கோபப்பட்டேன். கிட்டத்தட்ட இல்லை, கிட்டத்தான் இருந்திருக்கிறார். அது வேறு, இது வேறு என்று அவளிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். இருபத்து ஐந்தின் வீட்டாரையும் போனில் பிடித்துவிட்டாளாம்.

முதல் கடிதத்தில் நீங்கள் அவருக்கு யார் என்று கேட்டிருந்தேன். நானே பதில் எழுதிவிடுகிறேன். கட்டினவள் பக்கத்து மரத்தடியில் கதை பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்குத் தண்ணீர் ஊற்றியவர் நீங்கள். கூடப் பிறந்தவள் அதற்கு மேல் என்ன செய்திருப்பாள்?

ஞாயிறு மாலை வாருங்கள். நீங்கள் வாலுவிடம் அழுங்கள், நான் தடுக்க மாட்டேன். அழுது முடித்ததும் நாத்தனார் கதையின் மிச்சத்தை மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி நடுவில் உட்கார்ந்து சொல்கிறேன். இவருக்குத் தன் தங்கையைப் பற்றிச் சொன்னால் பிடிக்காது. கேட்கட்டும்.

கிளம்பும்போது பையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். “போதும், இனிமே நான் தூக்கிக்கிறேன்” என்றேன். வளைந்திருந்த கிளை கொஞ்சமாக நிமிர்ந்தது. முழுசாக நிமிரவில்லை. இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
இருபத்து மூன்றின் மனைவி
ஒரே மனைவி