பின்சீட்டில் உட்காரக் கூடாதவன்

ஜூன் 3, திங்கள்
வண்டி வாங்குவது முடிவாகிவிட்டது. எந்த வண்டி என்பதில்தான் வீட்டில் சண்டை. கேக் செய்து சேர்த்த பணம் என்னுடையது, யோசனை மட்டும் ஊராருடையது. "நீலம் வாங்குடி, அழுக்குத் தெரியாது" என்கிறாள் அக்கா யாதிரா. என் புருஷன் எபெர்த்தோ, குதிரை உயரம் இருக்கும் ஒரு சிவப்பு பைக்கின் படத்தை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறான். எனக்குக் கால் தரையில் பட்டால் போதும். அதைச் சொன்னால் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

ஜூன் 8, சனி
ஷோரூமுக்குக் காலி கேக் பெட்டியோடு போனேன்.

"உள்ள என்னம்மா?" என்றார் விற்பனைக்காரர்.

"ஒண்ணுமில்ல. கல்யாண கேக்கு எங்க உக்காரும்னு பாக்க வந்திருக்கேன்."

ஒவ்வொரு வண்டியாக வைத்துப் பார்த்தேன். டாங்க் மேல் வழுக்கியது, சீட்டில் ஆடியது. ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. எபெர்த்தோவின் முகம் போன போக்கு!

"இது பொம்பளைங்க வண்டி."

"அப்ப நான் யாராம்?"

வீட்டுக்கு வந்ததும் சட்டத்தை இழுத்தான். பாலத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும், ஊர் நடுவில், இருசக்கர வண்டியின் பின்சீட்டில் ஆண்கள் உட்காரக் கூடாது. இரண்டு பேராக வந்து பையைப் பறிப்பவர்களுக்காகப் போட்ட தடை. பெண்கள் உட்காரலாம்.

"நீ ஓட்டுனா நான் எங்கடி உக்கார்றது? நான்தான் ஓட்டணும்னு நகராட்சியே சொல்லுது, நெல்சி."

கில்லாடி. ஆனால் கேள்வி நியாயமானதுதான். கேக் கொடுக்க அவன் இல்லாமல் நான் போனதே இல்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவான். கல்யாணப் பெண்ணின் அம்மா சொல்லும் பாராட்டையும், கூட ஒரு கிளாஸ் ரம்மையும் அவனே வாங்கிக்கொள்வான். அவன் வராவிட்டால் வழியெல்லாம் நான் யாரோடு வம்பளப்பது?

ஜூன் 10, திங்கள்
பேசாமல் உயரமானதையே வாங்கித் தொலைத்துவிடலாமா?

ஜூன் 22, சனி
அக்கா வீட்டுக்காரரின் உயரமான பைக்கை இரவல் வாங்கினோம். எபெர்த்தோ ஓட்டினான். ஞானஸ்நான கேக் என் மடியில். சந்தைத் தெருவில் ஒரு 'படுத்த போலீஸ்'. எங்கள் ஊரில் வேகத்தடைக்கு அதுதான் பேர். அவன் கவனிக்கவில்லை. நான் எழும்பி விழுந்தேன். கேக்கின் மேல் நின்ற சர்க்கரை தேவதை கழுத்து வரை க்ரீமுக்குள் போய்விட்டாள்.

குழந்தையின் அப்பா எட்டிப் பார்த்தார். "ஞானஸ்நானம் புள்ளைக்கா, தேவதைக்கா?" எல்லோரும் சிரித்ததால் தப்பித்தோம்.

வீட்டில் நான் சிரிக்கவில்லை. "அவ்ளோதான். ஸ்கூட்டர்தான்" என்றேன்.

"வாங்கிக்க. நான் வீட்லயே கெடக்கேன்."

கெடக்கட்டுமே! எனக்கென்ன? என் காசு, என் காலு, என் கேக்கு — அப்புறம் ஏன் எனக்கு அழுகை வருது?

ஜூலை 4, வியாழன்
வாங்கிவிட்டேன். நீலம்தான், அக்காவின் வாயை அடைக்க. புது வண்டி எண் அதிர்ஷ்டம் என்று தெருவே நம்பர் பிளேட்டைப் பார்த்து அந்த எண்ணுக்கு லாட்டரி கட்டியது. எபெர்த்தோவும் கட்டினான். என்னோடு மட்டும் பேசவில்லை.

ஜூலை 13, சனி
ஆஸ்பத்திரிக்கு அப்பால் கல்யாண மண்டபம். கேக்கைக் காலடியில் வைத்துக் கிளம்பும்போது, தேய்த்த சட்டையும் ஹெல்மெட்டுமாக வந்து பின்னால் ஏறினான் எபெர்த்தோ. தடை தொடங்கும் பாலத்தில் நான் சொல்லாமலே இறங்கினான்.

"போ. கேக்கு உருகிடும்."

கடைத்தெருவைக் கடந்து, ஆஸ்பத்திரி முனையில் பாதாம் மர நிழலில் நின்றேன். க்ரீம் உருகினால் என் பேர் கெடும். தெரிந்தும் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அரை ஓட்டமாக வந்தான். சட்டை நனைந்திருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

"கடைத்தெருவே கேலி பண்ணுதுடி. 'வண்டி எங்கய்யா?'ன்னு கேட்டான் ஒருத்தன்."

"என்ன சொன்ன?"

"'பொண்டாட்டி ஓட்டிட்டுப் போயிட்டா'ன்னேன்."

சிரித்துக்கொண்டே ஏறினான். பின்சீட்டுக்காரர் பிடித்துக்கொள்ள இந்த வண்டியில் நல்ல கம்பி இருக்கிறது. அவன் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.