தண்ணீரில் இறக்கிய பிறகு

மஸ்கட்
3.8.2024

அன்பு நண்பன் யூனுஸுக்கு,

அருள்பிரகாஷ் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் நீ கிழித்துப் போடவில்லை என்றால் மிச்சத்தையும் படித்துவிடு. கும்பகோணத்தில் உன் மனைவி ஆசியாவைப் பார்த்து, வலங்கைமான் முகவரியை என் வீட்டுக்காரி ஜாய்ஸ் வாங்கி அனுப்பினாள். மயிலாடுதுறைக் கடையை மூடிவிட்டாய் என்று தெரியும். நாம் சேர்ந்து இன்ஜின் வேலை பார்த்த கடை. ஐந்து வருடமாக ஒரு வரி எழுதவில்லை. வேலை அப்படி.

இங்கே பாய்மரப் படகுகளுக்கு இன்ஜின் பார்க்கிறேன். பாய் இருந்தாலும் காற்றில்லாத நேரத்துக்கு உள்ளே ஒரு சின்ன டீசல் இன்ஜின் உண்டு. ஒரு படகில் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் நான்கையும் புதிதாக மாற்றினேன். அதிலிருந்து வேகம் கூட்டினால் படகே நடுங்குகிறது. புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே போகிற துளையில் தண்ணீர் கசிகிறது. மூன்று வாரமாகப் பிடிபடவில்லை. இதில் உனக்கு இருக்கிற காது எனக்கு இல்லை.

பதிலைத் தபாலில் போடு. ஜாய்ஸிடம் கொடுக்க வேண்டாம்.

அருள்

*

வலங்கைமான்
19.8.2024

அருளுக்கு,

ஸலாம். கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. நான் பதில் எழுதுவேனா என்று ஆசியா இரண்டு நாளாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் நலம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே சம்பாவுக்கு நாற்று விட்டுக்கொண்டிருக்கிறது, அதனால் பம்புசெட்டு ரிப்பேர் குறைவு. உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது.

பாய்மரப் படகை நான் பார்த்ததில்லை. ஆனால் ஷாஃப்ட் எங்கேயும் ஷாஃப்ட்தான். இன்ஜினும் ஷாஃப்ட்டும் சேரும் கப்ளிங்கைக் கழற்றி, இரண்டு முகத்தையும் ஒட்டினாற்போல் வை. மேலே, கீழே, இடம், வலம் நான்கு இடத்திலும் மெல்லிய கேஜ் தகடு விட்டு இடைவெளியை அள. பிறகு ஷாஃப்ட்டை மட்டும் அரைச் சுற்று திருப்பி மறுபடி அள. இடைவெளியும் கூடவே சுற்றி வந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. இருந்த இடத்திலேயே நின்றால் இன்ஜின் சாய்ந்திருக்கிறது. மவுண்ட் மேல் டீசல் சொட்டுகிறதா என்றும் பார். சொட்டினால் ரப்பர் ஊறி ஒரு பக்கம் அமுங்கிவிடும்.

இன்னொன்று. கரையில் நிற்கும் படகின் உடம்பு வேறு, மிதக்கும் படகின் உடம்பு வேறு. கரையில் நேராக்கியதைத் தண்ணீரில் இறக்கி ஒரு நாள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். பார்த்தாயா?

யூனுஸ்

*

மஸ்கட்
8.9.2024

யூனுஸ்,

பார்க்கவில்லை.

நீ சொன்னபடி அளந்தேன். ஷாஃப்ட்டில் வளைவு இல்லை. எப்படித் திருப்பினாலும் இடைவெளி கீழேயே நின்றது. டீசலும் சொட்டவில்லை. கரையில் நான் நேராக்கியது தண்ணீரில் விலகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் இறக்கிய பிறகும் பார்த்ததாக வேலைத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

என்னோடு வேலை செய்யும் அஸார்தான் போல்ட்டைச் சரியாக இறுக்கவில்லை என்று சூப்பர்வைசர் இரண்டு நாள் அவனைத் திட்டினார். அந்த இரண்டு நாளும் பக்கத்தில் நின்று ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அஸார் என்னிடம் வந்து, "அண்ணே, நான் எங்க தப்பு பண்ணினேன்னு சொல்லிக் குடுங்க, திருத்திக்கிறேன்" என்றான். அதன் பிறகுதான் போய்ச் சொன்னேன். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். அது போகட்டும்.

தரங்கம்பாடி விசைப்படகிலும் இதையேதான் செய்தேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். மறுநாள் போய் ஷாஃப்ட்டைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி நீ என்னை அனுப்பினாய். நான் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, "பார்த்துட்டேன், சரியா இருக்கு" என்றேன். நடுக்கடலில் அதிர்ந்து அதிர்ந்து, ஷாஃப்ட் துளையில் தண்ணீரைத் தடுக்கும் சீல் கிழிந்தது. தண்ணீரை அடைக்கச் சாக்கைத் திணித்த படகோட்டி செழியனின் கையை, சாக்கோடு ஷாஃப்ட் சுற்றி இழுத்துக்கொண்டது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஊர் உன் கடை வாசலில் வந்து நின்று உன்னைக் கேட்டது. நான் உள்ளே இருந்தேன். இரண்டாம் மாதம் விமானம் ஏறிவிட்டேன்.

இன்ஜினுக்கு யோசனை கேட்டுத்தான் எழுதினேன் என்று நினைத்தேன். இதைச் சொல்லத்தான் எழுதியிருக்கிறேன் போல. மன்னிக்கச் சொல்ல வாய் வரவில்லை.

அருள்

*

வலங்கைமான்
24.9.2024

அருள்,

எனக்கு அன்றைக்கே தெரியும்.

துறைமுகத்திலிருந்து வந்தேன் என்றாய். உன் சட்டையில் சந்தனம் இருந்தது, டீசல் வாடை இல்லை. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் படகு ஒரு நாள் தாமதமாகியிருக்கும். மீன்பிடி தொடங்குகிற முதல் நாளில் என் கடையால் ஒரு படகு நின்றது என்ற பேச்சு வந்திருக்கும். அதனால் உன் வார்த்தையை நம்புகிற மாதிரி இருந்துகொண்டேன்.

உன்னைத்தான் அனுப்பினேன் என்று ஊரிடம் நான் சொல்லாதது உன்னைக் காப்பாற்றத்தான் என்று ஆசியா நினைத்திருந்தாள். பெரிய மனுஷன் மாதிரி என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு ஐந்து வருடம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, நேற்று இதையும் அவளிடம் சொன்னேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நாம் ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்வது சுலபம், அருள். செழியனிடம் போக வேண்டும். உன் கடிதத்தை எடுத்துப் போகட்டுமா?

யூனுஸ்

*

மஸ்கட்
10.10.2024

யூனுஸ்,

எடுத்துப் போ.

ஜாய்ஸிடம் போனில் சொல்லிவிட்டேன்.  "உங்க பேச்சை நம்பி ஊரெல்லாம் யூனுஸ் அண்ணனைக் குறை சொல்லியிருக்கேனே. ஆசியா அக்கா முன்னாடி நான் எப்படி நிப்பேன்?" என்று கேட்டாள். 

அருள்

*

வலங்கைமான்
2.11.2024

அன்பு அருளுக்கு,

செவ்வாய்க்கிழமை தரங்கம்பாடி போனேன். ஆசியாவும் வந்தாள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள், ஆனால் வந்தாள்.

செழியன் இப்போது ஒரு ஐஸ் கடையைப் பார்த்துக்கொள்கிறான். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான். நான் நின்றுகொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். பிறகு நான் செய்ததையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

வெகுநேரம் இடது கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்: "இன்ஜின நிறுத்தாம கையை விட்டது என் புத்திகெட்டத்தனம்னு அஞ்சு வருஷமா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன் பாய். என் வீட்டுக்காரியும் அதையேதான் சொல்வா. நானும் தலையாட்டிக்குவேன். கைதான் போச்சு. இதையாவது நீங்க முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாம்ல?"

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வாசல் வரை வந்தான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லீவில் வரும்போது உன்னை நேரில் வரச் சொன்னான். அவன் மனைவியும் பிள்ளைகளும் இருக்கும்போது, அவர்கள் காதில் விழும்படி நீயே சொல்ல வேண்டுமாம்.

எப்போது லீவு என்று எழுது. நானும் கூட வருகிறேன்.

யூனுஸ்