சுட்ட மீனும் அவித்த மீனும்

அன்பு மகன் அஸ்ருலுக்கு மூவாரிலிருந்து அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். பினாங்கில் நீயும் ரொஸ்னிதாவும் சுகமாக இருக்க ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினால் அது பொய், அதனால் எழுதவில்லை.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், உன் பெண்டாட்டியிடம் பக்குவமாகச் சொல். கல்யாணம் ஆன வருஷம் பெருநாளைக்கு அவள் தன் கையால் அவித்துக் கொண்டுவந்தாளே ஒடாக்-ஒடாக் மீன் பொட்டலம், அதை உன் அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "மீன சுடாம அவிச்சிருக்கா, பல்லு போனவனுக்கா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார், நீங்களும் மறுநாளே பஸ் ஏறிவிட்டீர்கள். பிறகு நான் போனில், நீங்கள் போனதும் அவரே உட்கார்ந்து அத்தனையும் தின்றார் என்றேன் இல்லையா, அவர் தின்னவில்லை. பூனை தின்றது. ஐந்து வருஷமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு இருக்கிறேன், பூனைக்குக்கூட அன்றே செரித்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. அறுக்க முடியாத இடம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், மூக்கில் குழாய் போடலாம் என்றதற்கு இவர் கையை உதறிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். முப்பது வருஷம் மிளகாய் அரைத்த மீனை ஓலைக்குள் வைத்துக் கரியில் சுட்டு விற்ற மனுஷன், புகை ஏறாவிட்டால் அது மீனே இல்லை என்று சண்டை போட்ட மனுஷன், அவருக்கு இன்று சுட்டது ஒரு துணுக்குகூட இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை என்னைக் கிட்டே கூப்பிட்டு, "அந்தப் பினாங்குப் பொண்ணு அவிச்சுதே, மெத்துன்னு, அது எறங்கும்டி, கேட்டுப் பாரு" என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா, "பல்லு போனவனுக்கா?" என்று கேட்டேன். சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது, இருமலில் ரத்தம் வந்தது. இனி அவரிடம் விளையாட்டுப் பேச்சு வேண்டாம் என்று இருக்கிறேன்.

அன்றே நானே செய்து பார்த்தேன். அரைத்த மீனில் முட்டையும் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் கரைத்துவிட்டு, கை பழக்கத்தில் நம் ஊர் நீப்பா ஓலையிலேயே மடித்து அவித்தேன். சுடுகிற கெட்டி மீனுக்குத்தான் அந்த ஓலை, இந்தத் தண்ணிக் கரைசல் நிற்குமா, அத்தனையும் சட்டியில் ஒழுகிவிட்டது. அந்தச் சட்டித் தண்ணீரை ஒரு கரண்டி கொடுத்தேன். உப்பு சரியில்லை என்றோ, இதெல்லாம் ஒரு சமையலா என்றோ ஒன்றும் சொல்லாமல் குடித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போனில் சொன்னால் இந்தப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர் காதில் விழும், அதனால்தான் கோழிக் கிறுக்கல் என்றாலும் எழுதி பஸ்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். டாக்டர் மாசக் கடைசி என்கிறார், நான் அவ்வளவு நாள் நினைக்கவில்லை. ரொஸ்னிதா கோபமாக இருந்தால் கோபத்தோடேயே வரட்டும், வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு என்னை நாலு வார்த்தை திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன். நீ அவர் முன்னால் அழாதே, அவருக்குப் பிடிக்காது. வழியில் கண்டதைத் தின்னாதே.

அல்லாஹ் உங்கள் இருவரையும் நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், உங்கள் வீடு நிறையட்டும். பொட்டலத்துக்குள் மீனுக்கு அடியில் அவள் விரிக்கிற அந்தக் காட்டு வெற்றிலை இங்கே நல்லதாகக் கிடைப்பதில்லை, மறக்காமல் ஒரு கட்டு கொண்டுவரச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா சவோடா

பி.கு.: இன்று வாழை இலையில் மடித்து மறுபடி அவித்தேன், ஒழுகவில்லை. அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, கழுத்தில் துண்டு கட்டிவிட்டு, ஆறு பொட்டலத்தையும் ஆறட்டும் என்று ஜன்னலில் வைத்தேன். பூனை தின்றுவிட்டது. இலை மட்டும் கிழியாமல் மிச்சம். அப்பா இன்னும் துண்டோடு, பொட்டலம் வரும் என்று உட்கார்ந்திருக்கிறார்.