வரிசையில் நிற்கும் சாமி பங்கு

மார்ச் 4, செவ்வாய்

மாதத்தின் முதல் வேலை முடிந்தது. மகளின் நர்சிங் படிப்புக்கான பணத்தை தெருமுக்கு வங்கிக் கிளையில் போட்டேன். இதோடு மொத்தம் 2,60,000. முதல் வருடக் கட்டணம் சரியாக அவ்வளவுதான். பிறகு பஸ் ஏறி, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளையில், முதலிலேயே எடுத்து வைத்திருந்த சாமி பங்கைப் போட்டேன். அது இதுவரை 80,000. கோயில் கூரைக்கு நேர்ந்துகொண்டது, பதினொரு வருடச் சேமிப்பு.

வீட்டுக்காரர் வழக்கம்போலக் கிண்டல்.

"ஒரே பேங்க்தானே? முக்குலயே ரெண்டு கணக்கு வச்சா என்னவாம்? சாமிக்கு மாசாமாசம் பஸ் டிக்கெட் வேற."

"சாமி காசும் நம்ம காசும் பக்கத்துல பக்கத்துல இருக்கக் கூடாதுங்க. கை தானா நீளும்."

லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, எதையும் ஏற்றி இறக்கித்தான் பேசுவார்.

மார்ச் 11, செவ்வாய்

அடுத்த வீட்டுத் தையல்காரி ஓடி வந்தாள். "அக்கா, நம்ம பேங்க்ல ஷட்டர எறக்கிட்டாங்க!"

அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றே நினைவில்லை. ஓடினேன். ஷட்டரில் ஒரு தாள். வங்கியின் உரிமம் ரத்து. 'வைப்பாளர்கள் காப்பீட்டு வரம்புக்கு உட்பட்டுத் தொகை பெறுவர்.' எட்டாவது வரை படித்தவள் நான். அந்த வைப்பாளர் நான்தான் என்று புரிய இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது.

மார்ச் 12

குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

காப்பீட்டு அலுவலகம் கொடுத்த சிறு புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு முழுதாகப் படித்தேன். வங்கி மூழ்கினாலும் வைப்பாளர் ஒருவருக்கு மூன்று லட்சம் வரை பாதுகாப்பு. தொண்ணூறு நாளுக்குள் கைக்கு வரும்.

அப்பாடா! மகள் பணம் வரம்புக்குள். சாமி பணமும் வரம்புக்குள். ஷட்டர் முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் வக்கீல் மாதிரி விளக்கினேன். தையல்காரியின் நாற்பத்தைந்தாயிரமும் பத்திரம் என்றதும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் கழுத்து டேப்பில் என் சங்கிலி சிக்கி, பிரித்தெடுக்கக் கால் மணி ஆயிற்று.

மார்ச் 17, திங்கள்

வக்கீலுக்கு இன்று சரியான அடி.

விண்ணப்பம் வாங்கும் மேசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண். இரண்டு பாஸ்புக்கையும் விரித்துப் பார்த்தாள்.

"ரெண்டும் உங்க பேர்லதானே இருக்கு?"

"பேர் என்னோடது. இந்தப் பணம் சாமியோடது."

"சாமி கையெழுத்துப் போட்டிருக்காரா?"

"இல்ல…"

"அப்ப ரெண்டும் நீங்கதான்மா. ஒரு ஆளு, ஒரு பேங்க். எத்தனை கிளையில போட்டாலும் கூட்டித்தான் பார்ப்பாங்க."

கூட்டினால் 3,40,000. வரம்புக்கு வெளியே நாற்பதாயிரம். வங்கியின் சொத்தை விற்றுப் பணம் வரும்போது, அதில் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு. எப்போது? சொல்ல முடியாதாம். வரிசையில் நிற்க வேண்டுமாம்.

பதினொரு வருஷம் பஸ்ஸுக்குக் குடுத்த காசு — அட ஆண்டவனே, ஒன்னையும் என்னையும் ஒரே ஆளுன்னுட்டாங்களே! நான் சிரிக்கிறதா, அழுவுறதா?

மார்ச் 18

கல்யாணமான நாளிலிருந்து ஒரே பழக்கம். எந்தப் பணம் வந்தாலும் முதலில் சாமி பங்கை எடுத்து வைப்பது, மற்றதெல்லாம் பிறகு. அந்த முறைப்படி மூன்று லட்சத்தில் எண்பதாயிரத்தை எடுத்து வைத்தால் மகளுக்கு நாற்பதாயிரம் குறையும். ஜூன் 20க்குள் முழுதாகக் கட்டாவிட்டால் இடம் போய்விடும். கடன் கேட்க வீடு பாக்கியில்லை. எல்லார் பணமும் அதே ஷட்டருக்குள்.

"சாமிக்கு என்ன வயசாகப் போகுதா? அவரு வரிசையில நிக்கட்டும். அட்மிஷன் நிக்காது," என்றார் வீட்டுக்காரர்.

"மொதல்ல வாயக் கழுவுங்க!"

மகள், "நான் அடுத்த வருஷம் போறேம்மா," என்றாள். தட்டைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

கோயில் பொருளாளரிடம் போய்ச் சொன்னேன். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காசு விஷயத்தில் கறார். கேட்டுவிட்டு இருமல் வரும் வரை சிரித்தார்.

"தங்கச்சி, கோயில் பணமும் அங்கதான் மாட்டியிருக்கு. கூரைக்கு ஒரு கணக்கு, விளக்குக்கு ஒண்ணு, தர்மத்துக்கு ஒண்ணு. மூணும் தனித்தனின்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு இருந்தேன்."

"உங்களையும் கூட்டிட்டாங்களாண்ணே?"

"கூட்டிக் கழிச்சுட்டாங்க. கூரை ஒழுகினா வாளி வைக்கலாம். பொண்ணு படிப்பு ஒழுகினா எதை வைப்ப? போய் அவளச் சேர்த்து விடு."

"நான் நேர்ந்துகிட்டது உங்ககிட்ட இல்லையேண்ணே."

உள்ளே போய்ச் சாமி முன்னால் நின்றேன். மகளை முன்னால் விடட்டுமா என்று கேட்டேன். நிற்க நிற்க ஒன்று தோன்றியது. பதினொரு வருடமாக அவர் பங்கு என் பேரில்தானே இருந்தது? அவர் கையெழுத்தும் கேட்கவில்லை, ரசீதும் கேட்கவில்லை. அத்தனை வருடம் நம்பியவர், இன்னும் கொஞ்சம் நம்ப மாட்டாரா?

வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: மகளுக்கு 2,60,000. சாமிக்கு இப்போது 40,000. சாமிக்குப் பாக்கி 40,000, பொறுப்பு நான்.

வங்கி தந்தாலும் தராவிட்டாலும்.

ஏப்ரல் 9

இதுவரை பதினாறு பேருக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்தாயிற்று. கோயிலுடையது பதினேழாவது.

ஜூன் 10, செவ்வாய்

வந்துவிட்டது! வேறொரு வங்கி வழியாக மூன்று லட்சம், காசு குறையாமல். தொண்ணூற்றோராம் நாள். ஒருநாள் தாமதத்தை மன்னித்தேன். நேரே கல்லூரிக்குப் போய்க் கட்டணத்தைக் கட்டினோம். ரசீதை மூன்று தடவை படித்தேன். "போதும்டி, மை அழிஞ்சிரப் போகுது," என்றார் அவர். சொல்லிவிட்டு அவரும் வாங்கி ஒரு தடவை படித்தார். மகள் வழியெல்லாம் என் கையை விடவே இல்லை.

ஜூன் 13, வெள்ளி

நாற்பதாயிரத்தைக் கோயிலில் கொடுத்தேன். பாதிக் கூரைக்குத்தான் வரும்.

"எந்தப் பாதி தங்கச்சி? சாமி பக்கமா, சனங்க பக்கமா?"

"சனங்க பக்கம் போடுங்கண்ணே. சாமிக்குச் சளி பிடிக்காது."

சொல்லிவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வாயைக் கழுவத் தண்ணீர் கொண்டு வந்து நீட்டுவார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை யாரிடமோ கேட்டு வாங்கி வந்து, காலையிலிருந்து வீட்டில் ஒருவர் கையையும் விடவில்லை. எனக்கு மூன்றாவது தடவை பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது பொருளாளர் வந்தார். மறுபாதிக் கூரைக்கு வசூல் தொடங்கியிருக்கிறார்கள். கையில் துண்டுச் சீட்டு, அதில் இரண்டு வங்கிகளின் பேர்.

"எதுல போடலாம் தங்கச்சி? நீ சொன்னாத்தான் போடணும்னு கூட்டத்துல முடிவு."

"ரெண்டுலயும் பிரிச்சுப் போடுங்கண்ணே. கிளை இல்ல, பேங்க்! வேற வேற பேங்க்!"

"பேசாதம்மா," என்றாள் மகள், கருவியின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏறுது."