முன்கூட்டி வைத்த கைநாட்டு

மேட்டுக்குளம் காலனி,
14.10.1991

மெர்சி நர்சம்மாவுக்கு,

பால்வாடி ஆயா அம்சவல்லி எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்க மனசு வரவில்லை. மாற்றல் வாங்கிப் போன ஊரில் நன்றாகத்தான் இருப்பீர்கள். இங்கே என் நாத்தனார் சின்னப்பொண்ணு செத்து இருபது நாள் ஆகிறது. அவள் செத்த நாலாம் நாள் உங்களுக்கு மாற்றல் வந்தது என்று கேள்விப்பட்டேன்.

எட்டாம் மாசம் அவளுக்கு. காலும் முகமும் வீங்கிப் போச்சு. நர்சம்மா வரட்டும், காட்டலாம் என்று நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பொங்கலுக்கு அப்புறம் நீங்கள் இந்தப் பக்கம் தலை காட்டவே இல்லையே! உடம்பு சரியில்லை போல என்று உங்களுக்காகப் பரிந்து பேசினேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். திடீரென்று வெட்டி வெட்டி இழுத்தது. செங்கல் லாரியில் போட்டு வாலாஜாபாத் கொண்டு போனோம். வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

எங்களுக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று மனு கொடுத்தோம். ஹெல்த் ஆபீசர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, நீங்கள் வந்து போனதை எழுதுகிற நோட்டைப் பிரித்துக் காட்டினார். மாசா மாசம் நர்ஸ் வந்திருக்காங்களே, இந்தப் பொண்ணுக்கு ரெண்டு ஊசி போட்டிருக்காங்களே, இது உங்க ஆளுங்க கைநாட்டுதானேம்மா என்று கேட்டார். கைநாட்டு எங்களுடையதுதான். மேலே இருந்தது உங்கள் குண்டு குண்டான எழுத்து.

போன மழையில் ஏரி உடைந்து, நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் வந்து காய்ச்சலில் விழுந்தீர்களே, அப்போது வீடு வீடாகப் போய் எல்லோரிடமும் வருசத்துக்கும் சேர்த்து வெறும் பக்கத்தில் கைநாட்டு வாங்கிக் கொடுத்தவள் நான். நீங்கள் கேட்கக்கூட இல்லை. மழை மாசத்தில் நம்ம நர்சம்மா அலைய வேண்டாம் என்று பாசத்தில் செய்தேன். சின்னப்பொண்ணு விரலைப் பிடித்து வைத்ததும் நான்தான். அந்த இடத்தில் போடாத ஊசியை எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? என் வீட்டில் கருவாட்டுக் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட கைதானே அது?

நர்சம்மா வரட்டும் என்று நான் நிறுத்தி வைத்ததால்தான் அவள் செத்தாள் என்று இப்போது காலனியில் ஒருத்தரும் என் முகம் பார்ப்பதில்லை. என் வீட்டுக்காரர் தங்கச்சியைக் கொன்னுட்டியேடி என்கிறார்.

வருகிற வியாழக்கிழமை எங்கள் மனு மேல் விசாரணை. நீங்கள் வந்து உண்மையைச் சொன்னால்தான் எங்களுக்கு நர்ஸ் போடுவார்கள். நோட்டுப்படி எல்லாம் ஒழுங்காக நடக்கிற ஊருக்கு எதற்கு இன்னொரு நர்ஸ் என்று கேட்கிறார்கள். வந்தால் உங்கள் வேலை போகும் என்று எனக்கும் தெரியும்.

யாகப்பன் பெண்சாதி அன்னபுஷ்பத்துக்கு இப்போது ஏழாம் மாசம். நேற்று அவள் காலில் விரல் வைத்து அழுத்தினேன், குழி விழுந்து அப்படியே நிற்கிறது. ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட்டால், உன்னை நம்பி வர மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். அவளுக்கு இன்னும் உங்கள் மேல் கோபமில்லை. நோட்டில் என்ன எழுதியிருந்தது என்று அவளிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

விசாரணைக்கு வராவிட்டாலும் போகிறது. அவளை மட்டும் வந்து பாருங்கள் நர்சம்மா. பிரஷர் பார்க்கிற மிஷினோடு வாருங்கள்.

உங்களை மன்னிக்காத,
அம்சவல்லி