ஓமோ? ஓமோன்!

பெப்ரவரி 6, 2024

கச்சான் கடலை பிடுங்கி முடிந்தது. வலது விலாவுக்குள் ஏதோ குத்துகிறது என்றேன். "குனிஞ்சு நிண்ட பிடிப்பு" என்றார் ஜனகன். கலியாணம் கட்டினபிறகு இந்த மனிசன் எப்ப வைத்தியம் படிச்சவர்?

பெப்ரவரி 13

கிளிநொச்சிக்குப் போய் ஸ்கான் எடுத்தோம். ஈரலில் கட்டி. ஊறுகாய் போடுகிற தேசிக்காய் அளவில்.

ஈரலில்! எனக்கு! பின்னேரமானால் கள்ளுத் தவறணைப் பக்கம் சைக்கிளைத் திருப்பிறது இவர். கட்டி வாறது எனக்கோ? இதென்ன நியாயம், பிள்ளையாரே?

டொக்டர் அம்மா, "குடிக்கிறனீங்களோ?" என்று கேட்டா. இல்லை என்றேன். ஏதோ எழுதினா. பிறகு நிமிராமலே, "ஓமோ? எடுக்கிறனீங்களோ?" எனக்கு வந்துதே கோபம்! இல்லை என்று ஒருக்கால் சொன்னால் நம்பமாட்டாவோ, திரும்ப 'ஓமோ' என்று கேட்க? "சத்தியமா ஒண்டும் எடுக்கிறேல்லை டொக்டர், இவரைக் கேளுங்கோ!" என்று கத்திவிட்டேன். இவர் மெல்லக் கதவுப் பக்கம் நழுவினார்.

புற்றுநோயோ இல்லையோ என்று இப்போது சொல்ல ஏலாதாம். யாழ்ப்பாணத்தில் இன்னொரு ஸ்கான். வெட்டி எடுக்கவும் வேண்டி வரலாமாம்.

பெப்ரவரி 14

பயமாக் கிடக்கு. தனுஷா இப்பதான் முதலாம் வகுப்பு. அவளுக்குச் சீப்பால் தலை இழுத்துவிடக்கூட இவருக்குத் தெரியாது.

பெப்ரவரி 19

பக்கத்து வளவு இலட்சுமி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஈரல்ல கட்டி குடிகாரருக்கெல்லோ வாறது? ஒளிச்சு ஒளிச்சு எடுத்தனியோடி?" என்றா.

"ஓம் அக்கா, உங்கட மனிசன்தான் ஊத்தித் தந்தவர்."

தலை வேலிக்குக் கீழே போய்விட்டது. இரவு சாப்பிடும்போதும் நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஒரு விஷயம் — ஜனகன் இந்தக் கிழமை தவறணைக்குப் போகவில்லை. 

பெப்ரவரி 23

மிட்வைஃப் யதுர்ஷிகா, குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை அட்டையோடு வந்தா. தனுஷா பிறந்த பிறகு தொடங்கினது, இன்றுவரை நிப்பாட்டினதில்லை.

"புது வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே அக்கா? இது ஓமோன், அதுதான் கேக்கிறன்."

"ஓமோ?"

"ஓமோன்."

"என்ன ஓமோ?"

"ஐயோ அக்கா, ஓ... மோன்! ஹோர்மோன்! எங்கட உடம்பிலயே சுரக்கிறது. அதைத்தான் குளிசையாத் தாறம்."

அட பிள்ளையாரே! டொக்டர் 'ஓமோன் எடுக்கிறனீங்களோ' என்றெல்லோ கேட்டிருக்கிறா! நான் சாராயத்தை நினைத்துச் சத்தியம் வேறு பண்ணினேன். ஆனால் இது மருந்தென்று ஆர் நினைச்சது? பல்லுத் தீட்டுவதுபோல நாள்தோறும் செய்கிற வேலை. கட்டி என்றதும் யதுர்ஷிகா அட்டையை என் கையிலிருந்து திரும்பப் பறித்தா. "முதல்ல டொக்டரிட்டச் சொல்லுங்கோ!"

மார்ச் 5

யாழ்ப்பாண ஸ்கானோடு போய் டொக்டரிடம் 'ஓமோ' கதையைச் சொன்னேன். பேனையை வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணி வரச் சிரித்தா. பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினா: குளிசையில் இருக்கிற பெண் ஓமோன் சிலருடைய ஈரலில் இப்படிக் கட்டியை வளர்க்குமாம். இப்போது அது புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை. ஆனால் பெருத்தால் இரத்தம் கசியலாம், மிக அரிதாகப் புற்றுநோயாகவும் மாறலாம்.

"குளிசை இனி வேண்டாம். ஆறு மாசம் பாப்பம். சுருங்கினால் வெட்டத் தேவையில்லை."

ஜனகனுக்கு வாய் சும்மா இராதே. "அப்ப ஆம்பிளையளுக்குப் பயமில்லை, என்ன டொக்டர்?"

"இந்தக் கட்டி ஆம்பிளையளுக்கு வாறது குறைவு. வந்தால் புற்றுநோயா மாறுற ஆபத்துக் கூடுதல். ஈரல் புற்றுநோயே ஆம்பிளையளுக்குத்தான் கூடுதலா வாறது. அதில ஆண் ஓமோனுக்கும் பங்கிருக்கு எண்டு சொல்லுகினம். குடியும் சேர்ந்தால்..."

எங்கட ஊர் ஜெயபுரம் வரும்வரை பஸ்ஸில் இவர் தன் வலது விலாவை அமத்தி அமத்திப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 8

குளிசை இல்லை. அப்போ இனி? "நீங்கள் போய் மிட்வைஃபிட்ட ஆணுறை கேளுங்கோ" என்றேன்.

"நானோ? ஊர் சிரிக்கும்!"

"இவ்வளவு வருசமும் நான் விழுங்கினனான். இனி உங்கட முறை."

பாயைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார்.

மார்ச் 11

விறாந்தையில் நல்ல நுளம்புக்கடி. ஆள் இன்னும் கிளினிக்குக்குப் போகவில்லை.

மார்ச் 12

போய் வாங்கிக்கொண்டு வந்திட்டார்!

செப்டெம்பர் 10

டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். இவர் என் கையைப் பிடித்திருந்தார், எனக்கு நொந்தது, விடச் சொல்லவில்லை. தேசிக்காய் கச்சான் கொட்டை அளவுக்கு வந்துவிட்டதாம். வெட்டத் தேவையில்லை. இடைக்கிடை ஸ்கான் மட்டும். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். இவரும்தான்.

செப்டெம்பர் 13

காலையில் யதுர்ஷிகாவின் ஸ்கூட்டி படலை வாசலில் நின்றது, அவவின் கையில் ஆணுறைப் பெட்டி. நான் எழும்பினேன். என்னைக் கூப்பிடவில்லை.

"ஜனகன் அண்ணை, நிக்கிறியளோ?"

வேலிக்கு மேலால் இலட்சுமி அக்காவின் தலை. இவர் தனுஷாவுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தார். சீப்பைக் கையில் பிடித்தபடியே ஊர் கேட்கச் சொன்னார்:

"ஓம் ஓம், வாறன்!"