மலரின் 68,450

14-8-05, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மகள் மலரின் ஏழாவது நினைவு நாள். இருந்தவர்கள்: நான், பெரியவன், மருமகள் வசந்தா, பேத்தி நித்யா, எதிர்வீட்டு மும்தாஜ். வேறு யாரும் இல்லை.

படையல்: எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பட்டர் பிஸ்கட். வறுவலில் உப்பு கம்மி.

மற்ற வீடுகளில் படத்துக்கு மட்டும் கற்பூரம். இங்கே டிவிக்கும் உண்டு. முன் அறையில் மலர் டிவி கேம் கடை வைத்திருந்தாள். கார் ஓட்டுகிற கேசட்டில் முதலிடம் அவளுக்குத்தான். கேசட்டுக்குள் ஒரு சின்ன பேட்டரி செல், அதனால் பெயர் அழியாது. வருஷத்துக்கு ஒருநாள் பரணிலிருந்து கேம் பெட்டியை இறக்கி டிவியில் மாட்டி, அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் கற்பூரம். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் அந்த மூன்று எழுத்து தெரியும். ஒன்று மலை மாதிரி, ஒன்று கொக்கி, ஒன்று காலை நீட்டி நிற்கும். பக்கத்தில் அவள் எடுத்த பாயிண்ட், 68,450.

இன்று பரணில் பெட்டி இல்லை. மேஜையில் கம்ப்யூட்டர். பெரியவன் சொன்னான்:

"எமுலேட்டர்னு ஒண்ணும்மா, பெட்டி கேமை கம்ப்யூட்டர்லயே ஓட்டும். எல்லா கேமும் ஒரே சிடில. பழைய பெட்டி எதுக்கு, காயலான்கடைக்குப் போட்டுட்டேன். அதே கேம்தான், பாரு."

அதே கார், அதே பாட்டு. பட்டியலில் யார் யாரோ பெயர். மலர் இல்லை.

மும்தாஜ் மெல்ல, "அக்கா, கற்பூரம் கரையுது" என்றாள். படத்துக்கு மட்டும் காட்டினேன். சாப்பிடவில்லை.

15-8, திங்கள்

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம் முடிந்து மிட்டாயோடு வந்தாள் நித்யா. ரேஷன் கடை லீவு. மண்ணெண்ணெய் நாளைக்கு.

மத்தியானம் பெரியவன் கூப்பிட்டான். கம்ப்யூட்டரில் மலை, கொக்கி, நீட்டிய கால். 68,450. கிட்டே போய்ப் பார்த்தேன்.

"யாருடா ஓட்டினது?"

"வந்துடுச்சும்மா. உள்ளேயே இருந்திருக்கு."

நித்யா மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "பாட்டி, அப்பா ஓட்டவே இல்ல. உள்ள போய் நம்பரை டைப் பண்ணாரு. நான் பாத்தேன்" என்றாள். வசந்தா அவள் தலையில் ஒன்று வைத்தாள்.

டைப் பண்ணினானாம். அந்த 68,450 வந்த நாள் எனக்குத் தெரியும். ஐப்பசி மழை, கடைக்கு ஆளே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அம்மா பேசாதே, அம்மா பேசாதே" என்றபடியே ஓட்டினாள். கட்டைவிரலில் கொப்புளம். தேங்காயெண்ணெய் தடவியது நான். இவன் விரலில் என்ன இருக்கிறது?

16-8, செவ்வாய்

மண்ணெண்ணெய் வரவில்லை. முட்டிவலி. ராத்திரி தூக்கமில்லாமல் யோசித்தது:

அந்த எமுலேட்டர் சனியனை எவனுமே கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால்?

பெட்டி பெட்டியாகவே இருந்திருக்கும். ஆடவேண்டும் என்றால் அந்தப் பெட்டிதான், அந்தக் கேசட்தான். தூசியை ஊதி ஊதிச் சொருகவேண்டும். கெட்டுப்போனால் சேலையூரில் ரிப்பேர் பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். எவனும் பரணிலிருந்து இறக்கிப் போடமாட்டான். வேறொன்று கிடைக்காது என்ற பயம் இருக்கும்.

ஒருநாள் அந்தச் செல்லும் தீர்ந்துபோகும். தெரியாதா எனக்கு? தீர்ந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். அது அதுவாகச் செத்த மாதிரி. எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

பொய் சொல்லவும் உழைக்க வேண்டியிருக்கும். என்னை ஏமாற்றவேண்டும் என்றால் அவனே உட்கார்ந்து 68,450 வரை ஓட்டியிருக்கவேண்டும். ஓட்டியிருந்தால் அந்தப் பொய்யைக்கூட வைத்துக்கொண்டிருப்பேன்.

17-8, புதன்

வசந்தாவை இழுத்துக்கொண்டு கடப்பேரி காயலான்கடைக்குப் போனேன். ஷேர் ஆட்டோவில் இடுப்பு போச்சு.

கடைக்காரர் உடனே சொன்னார். "கேம் பெட்டியா? நல்லா ஞாபகம் கீதும்மா. ஒரு கேசட் மேல தமிழ்ல சீட்டு ஒட்டியிருந்துது. 'மலரோடது, கை வைக்காதே'ன்னு. சார், இது வூட்டு ஆளு பேரு மாரி கீதே, இத்தமட்டும் எடுத்துக்கினு போன்னேன். அவரு கையில வாங்கிப் பாத்தாரு. கொஞ்ச நேரம் பாத்துகினே இருந்தாரு. அப்பால, அதையும் போட்டுடுன்னாரு."

"இப்ப எங்க?"

"ஒடச்சு லோடு போயிடுச்சும்மா."

வசந்தா அழுதாள். நான் அழவில்லை. தெரியாமல் போட்டான் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

18-8, வியாழன்

தூறல். காபிக்கு முன்னாடியே கேட்டேன். "சீட்டைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா போட்ட?"

கத்தினான். அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. "ஆமா. ஏழு வருஷமா மூணு எழுத்துக்குக் கற்பூரம் காட்டுற. ஆஸ்பத்திரில நாப்பது நாள் அவ பக்கத்துல படுத்திருந்தவன் நான். ஒருநாள் என்கிட்ட எப்படிடா இருக்கேன்னு கேட்டிருக்கியா? அவ போனதிலேர்ந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கியா நீ? டேய். பெரியவனே. அவ்ளோதான். எனக்கும் பேரு இருக்கும்மா."

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். டிபன் டப்பா மேடையிலேயே கிடக்கிறது.

நாற்பது நாள் இல்லை, நாற்பத்திரண்டு. எனக்கு மறக்காது. இவன் படுத்திருந்ததும் மறக்கவில்லை. தரையில், பாய்கூட இல்லாமல்.

அதையெல்லாம் எழுதியாகிவிட்டது. அதனால் ஒன்றும் மாறாது. மூடி மறைக்கப் பார்த்த வசந்தாவை மன்னித்தேன். கடைக்காரர்மேல் கோபமே இல்லை. அந்த எமுலேட்டரைச் செய்தவன் யாரென்று தெரியாது, போகட்டும். கையில் வாங்கி, படித்து, மறுபடி குப்பையில் போட்டவனை மட்டும் மன்னிக்கமாட்டேன். பேர் சொல்லச் சொன்னானே, சொல்கிறேன்.

ராஜசேகரன்.